உப்பு ஆச்சு

எங்கள் மடத்தில் சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் சமையலை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. சாம்பாரானாலும் சரி, பாயசமானாலும் சரி, கண்ணாலும் மூக்காலும் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

அதனால் உப்புக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அண்டாவில் உப்புப் போடுகிறவர் "உப்பு ஆச்சு!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுப்படியில் நிற்கும் இன்னொருவர் "ஆச்சு!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால்தான் போட்டதாக அர்த்தம். அந்தச் சத்தம் ஆற்றுப் படித்துறை வரைக்கும் கேட்கும். கேட்டதும் அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் சாப்பிடக் கால் கழுவ எழுந்திருப்பார்கள்.

நடுவில் நாலு மாதம் அந்தச் சத்தம் இல்லை. இல்லாமல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

நான் பிச்சம்மா. மடத்தில் காய் நறுக்குகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள்.

சமையலுக்கு இரண்டு பேர். ஆவுடையப்பன் இருபது வருஷமாக அடுப்பில் நிற்கிறார். அவர் பேசினாலே கத்தல்தான். "தண்ணி குடும்" என்று கேட்டால்கூடத் தீ பிடித்துவிட்டதோ என்று ஓடி வரத் தோன்றும். இன்னொருவர் குற்றாலிங்கம். எங்களுக்குக் குத்தாலம். ஐம்பத்து மூன்று வயது, தனிக்கட்டை. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன் அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தவர்.

அம்மை என்றால் உலகம்மை. மடத்துக்குத் தலைவி. வயது நாற்பத்திரண்டுதான். சீடர் தன்னைவிடப் பெரியவர் என்பதால் குத்தாலத்தை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. குத்தாலம் சாம்பாரில் உப்பைப் போட்டுவிட்டு "உப்பு ஆச்சு" என்றார். அவருக்கு இயல்பிலேயே மெல்லிய குரல்.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். "என்னவே, குரலா இது? கொசு காதுக்குள்ள வந்து பாடுத மாதிரில்லா இருக்கு!"

தண்ணீர் எடுக்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் குத்தாலம் உப்பைப் போட்டார். வாயைத் திறக்கவில்லை. ஆவுடையும் கேட்கவில்லை. நான்தான் நடுவில் புகுந்து, "அவரு போட்டாச்சு" என்று இந்தப் பக்கமும், "இவரு போட்டாச்சு" என்று அந்தப் பக்கமும் சொல்ல ஆரம்பித்தேன். சண்டை இல்லாமல் சமையல் நடந்தது. நான் பெரிய சமாதானத் தூதர் என்று எனக்கே நினைப்பு.

இந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தது. காலையிலேயே டாக்டரிடம் போய்விட்டேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது பந்தியில் இருநூறு பேர் இலை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அம்மை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். சாமிக்குக் காட்டியதும் முதல் கவளம் அவருக்குத்தான். ஒரு வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்திருக்கிறார்.

"உப்பு யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நான் போட்டேன்," என்றார் ஆவுடை. "இவரும் போட்டிருக்காரு, எனக்கு எப்படித் தெரியும்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காரு? போட்டா சொல்லணும்லா?"

குத்தாலம் கையைக் கட்டிக்கொண்டார். "என் தப்புதான் அம்மை."

"யாரு தப்புன்னு நான் கேக்கலையே அண்ணாச்சி. உப்பு யாரு போட்டதுன்னு கேட்டேன்."

குத்தாலம் தரையைப் பார்த்தார். அம்மை அண்டாவை எட்டிப் பார்த்தார். பிறகு, "பருப்பு வேக வச்சு ஊத்துங்க, சனம் பசியோட இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பந்தி ஒன்றரை மணி நேரம் தாமதம்.

மூன்றரை மணிக்குக் குத்தாலம் ஒரு காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மையின் அறை வாசலில் வந்து நின்றார். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

"உத்தரவு குடுங்க அம்மை. நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன்."

"எங்க?"

"தெரியலை."

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "அம்மை, ஒண்ணு கேக்கணும். சண்டை போடுதவங்களோட எப்படி இருக்கது? எனக்கு அது வரவே மாட்டேங்குது. ஒருத்தர் குரலை ஒசத்துனாலே எனக்கு நெஞ்சு அடைச்சிருது."

"இதுக்கு முன்ன எத்தனை இடத்தை விட்டுட்டு வந்தீங்க?"

"மூணு ஆபீசு."

"ஆபீசு மட்டுமா?"

வாரை இழுத்த கை நின்றது. "அண்ணனையும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"எங்க அம்மாவோட பதினாறாம் நாள் காரியத்துல, சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும், பெத்தவ சாகும்போது பக்கத்துல இல்லாத பயன்னு சொன்னாரு."

"இல்லையா?"

"பதினொரு நாள் ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல நான்தான் கிடந்தேன் அம்மை. அண்ணன் அப்ப பம்பாயில. கடைசி நாள் மருந்து வாங்கிட்டு வாரதுக்குள்ள அம்மா போயிட்டா. நான் வெளிய போயிருந்த நேரம் பாத்து அவரு வந்து இறங்கியிருக்காரு."

"அதை அவருகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லை."

"என்ன செஞ்சீங்க?"

"பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஆறு வருஷமாச்சு."

"இதே பையா?"

"இதே பைதான்."

அம்மை எழுந்து வந்து பையைக் கேட்டு வாங்கினார். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை.

"இது?"

"அண்ணன் மக கல்யாணம். வார ஞாயித்துக்கிழமை, அம்பாசமுத்திரத்துல. அவளே அனுப்பியிருக்கா. சித்தப்பா கண்டிப்பா வரணும்னு எழுதியிருக்கா."

"போவீங்களா?"

வெளியே நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. குத்தாலத்தின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது.

அம்மை பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று அடுப்படிக்கு நடந்தார். உப்பு ஜாடிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் பையை மாட்டினார்.

"வியாழக்கிழமை குரு பூசை. எழுநூறு பேரு வருவாங்க. அதுக்கு அப்புறமும் போணும்னு தோணுச்சுன்னா எங்கிட்டக் கேக்காண்டாம். பை இங்கனதான் தொங்கும், எடுத்துட்டுப் போங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்திருந்தேன்.

"பிச்சம்மாக்கா, நீங்க நாளையிலேருந்து காய் மட்டும் நறுக்கினா போதும். உப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அம்மை, நான் நல்லதுக்குத்தானே..."

"தெரியும்க்கா. பேசாதீங்க."

எனக்கு வந்த கோபத்தில் பல் வலிகூட மறந்துவிட்டது.

புதன்கிழமை இன்னும் மோசம்.

சாம்பார் கொதித்தது. குத்தாலம் உப்பு ஜாடிப் பக்கம் போனார். தலைக்கு மேலே பை. ஆவுடை போட்டிருப்பாரோ என்று ஒரு பார்வை, திரும்பி வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆவுடை ஜாடியைத் திறந்தார். இந்த ஆள் போட்டிருப்பாரோ என்று ஒரு யோசனை. மூடிவிட்டார். நேற்றைய அனுபவம் இரண்டு பேருக்கும் அப்படி.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் போடவில்லை! நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மை சொன்ன சொல் நினைவுக்கு வர, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கத்தரிக்காயை நறுக்கோ நறுக்கு என்று நறுக்கினேன். நாளைக்கு வேண்டிய கத்தரிக்காயையும் சேர்த்து நறுக்கிவிட்டேன்.

அன்று பந்தியில் எல்லோரும் இலை ஓரத்து உப்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். அம்மை அடுப்படிப் பக்கமே வரவில்லை. ஆவுடை கரண்டியை விட்டெறிந்துவிட்டு, "சவம், இந்தச் சமையல் வெளங்கிரும்!" என்று கத்திக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்.

சாயங்காலம் குத்தாலம் கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பார்க்கிற எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அம்மை முன்னால் போய் நின்றார்.

"நாளைக்கு எழுநூறு பேரு அம்மை. இன்னைக்கு மாதிரி ஆச்சுன்னா மடத்துக்கே அசிங்கம். என்னால ஆவக் கூடாது. நான் போயிடுதேன். அவரு ஒத்தையிலயே சமாளிச்சிக்கிடுவாரு."

"உப்புப் போட்டா என்ன சொல்லணும்?"

"உப்பு ஆச்சுன்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பதில் வராது அம்மை."

"திரும்பச் சொல்லுங்க."

"அப்பவும் வரலைன்னா?"

"அடுப்புலேருந்து விறகை வெளிய இழுத்துப் போடுங்க."

குத்தாலம் விழித்தார். "குரு பூசை அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான் அடுப்பு எரிஞ்சே ஆவணும்."

"சண்டை வருமே அம்மை!"

"இப்ப நடக்கதுக்கு என்ன பேரு அண்ணாச்சி?"

வியாழக்கிழமை விடியும்போது நான் ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் குத்தாலம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு "உப்பு ஆச்சு. உப்பு ஆச்சு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துவைக்க வந்த ஒருத்தி, "அவருக்குக் கோட்டி பிடிச்சிட்டா, தனியா நின்னு புலம்புதாரு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு போதும் என்றிருந்தது.

பத்து மணிக்கெல்லாம் வாசலில் கூட்டம் நெருக்கியது. சன்னிதியில் அம்மை பூசையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் மூன்று அடுப்பும் எரிந்தன. ஆவுடை முதுகைக் காட்டிக்கொண்டு வடை போட்டுக்கொண்டிருந்தார். குத்தாலத்தின் அண்டாவில் சாம்பார் தளதளவென்று கொதித்தது.

குத்தாலம் உப்பை அள்ளினார். போட்டார்.

"உப்பு ஆச்சு."

பழைய கொசுக் குரல்தான். ஆவுடை திரும்பவில்லை.

"உப்பு ஆச்சு!"

இந்தத் தடவை அண்டாவில் பட்டு எதிரொலித்தது. ஆவுடை திரும்பினார். "எதுக்குவே கத்துதீரு? எனக்கென்ன காது செவிடா?"

"கேட்டுதுன்னா ஆச்சுன்னு சொல்லும்."

"சொல்ல முடியாதுவே. என்ன செய்வீரு?"

குத்தாலம் குனிந்தார். அண்டாவுக்கு அடியிலிருந்து ஒரு விறகை இழுத்துத் தரையில் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. அடுப்படியெல்லாம் புகை. சாம்பார் கொதி அடங்கியது.

ஆவுடை கையில் ஜல்லிக்கரண்டியோடு பாய்ந்து வந்தார். "ஏய்! என்னவே செய்யுதீரு? வெளிய எழுநூறு பேரு நிக்கான்! பூசை முடியப் போவுது!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா விறகை இழுக்கீரு? அறிவு இருக்கா உமக்கு?"

நான் அருவாமனையை விட்டு எழுந்துவிட்டேன். குத்தாலத்தின் கண் ஒரு நொடி ஆணியில் தொங்கிய பைக்குப் போனது. எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். ஐயோ, ஓடிவிடாதேயுமே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

ஓடவில்லை.

"ஆவுடையப்பன், இது நம்ம ரெண்டு பேரு பாக்க வேண்டிய அண்டா," என்றார். குரல் மெல்லியதுதான், ஆனால் நிற்கவில்லை. "நான் உப்புப் போட்டது உமக்குத் தெரியணும். நீரு போட்டது எனக்குத் தெரியணும். நீரு பதில் சொன்னாத்தான் இந்த அடுப்பு எரியும்."

"ஓ! இத்தனை நாள் வாயைத் தெறக்காம இருந்தது யாருவே?"

"நான்தான். அது என் தப்பு." ஒரு மூச்சு விட்டார். "ஏன் தெறக்கலைன்னும் கேட்டுக்கிடும். எல்லாரு முன்னாடியும் என் குரலைக் கொசுன்னு சொன்னீரு. எனக்கு வலிச்சுது. இனிமே அப்படிச் சொல்லாதேயும்."

ஆவுடை ஜல்லிக்கரண்டியைத் தாழ்த்தினார்.

"அதுக்காவே நாலு மாசம்?"

"ஆமா. அதுக்குத்தான்."

"வெளையாட்டுக்குச் சொன்னதுவே அது!"

"எனக்கு வெளையாட்டா இல்லை."

சன்னிதியில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆவுடை அந்தப் பக்கம் பார்த்தார், தரையில் புகைந்த விறகைப் பார்த்தார், குத்தாலத்தைப் பார்த்தார். எண்ணெயில் வடை கருகிக்கொண்டிருந்தது.

"ஆச்சு! ஆச்சுவே ஆச்சு! போதுமா? விறகை உள்ள தள்ளும்!"

குத்தாலம் விறகைத் தள்ளினார். ஆவுடை முணுமுணுத்துக்கொண்டே வடைச் சட்டிக்குப் போனார். கருகியதை அள்ளி ஓரமாகப் போட்டார். நான் உட்கார்ந்து மிச்சமிருந்த வாழைக்காயை எடுத்தேன். கை ஓடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரச அடுப்புப் பக்கமிருந்து ஒரு கத்தல்.

"ரசத்துக்கு உப்பு ஆச்சு!"

குத்தாலம் நிமிர்ந்தார்.

"ஆச்சு!"

படித்துறையிலிருந்து ஆட்கள் பேசிக்கொண்டே எழுந்து வரும் சத்தம் கேட்டது. என் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம் என்றால் எங்கள் மடத்துச் சமையலில் வெங்காயமே கிடையாது.

அன்று பந்தியில் யாரும் இலை ஓரத்து உப்பைத் தொடவில்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குக் குத்தாலம் மறுபடியும் அம்மையின் அறை வாசலில் வந்து நின்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நானும் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"அம்மை, அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கலை."

"சரி."

"இன்னைக்கும் கத்துனாரு."

"என்ன கத்துனாரு?"

"கடுகைக் கருக்கிட்டேன்னு."

"கருகுச்சா?"

"கருகித்தான் போச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, கருகிட்டு, அடுத்தவாட்டி பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். அவரு சரின்னுட்டாரு." சொல்லும்போது அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். "நாலு மணி பஸ்ஸுக்கு அம்பாசமுத்திரம் போறேன் அம்மை."

அப்போதுதான் பார்த்தேன். கையில் ஒரு துண்டில் சுற்றிய மாற்று வேட்டி, அதன் மேல் அந்தப் பத்திரிகை. தோளில் பை இல்லை. எட்டி அடுப்படிக்குள் பார்த்தேன். உப்பு ஜாடிக்கு மேலே ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"பதினொரு நாளும் நான்தான் அம்மா பக்கத்துல இருந்தேன்னு சொல்லப் போறேன்."

"பதில் வரலைன்னா?"

"திரும்பச் சொல்லுவேன்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. குத்தாலம் வாசலைப் பார்த்தார். போகவில்லை. துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"அப்பவும் வரலைன்னா, அம்மை? அங்க இழுத்துப் போட விறகு இல்லையே."

அம்மை எழுந்து வாசல் வரைக்கும் வந்தார்.

"பந்தியில உக்காந்து வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க அண்ணாச்சி. திங்கக்கிழமை சாம்பாருக்கு உப்புப் போட ஆளு வேணும்."